விசா தேதி முடிந்த பிறகு நான்கு நாள் டொரண்டோ போய்வர முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பஃபலோவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் எஃப்-1 என்ற மாணவர் விசா போன மாதத்தோடு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றான ஐ-20 இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் அத்தை மகளுக்குக் கல்யாணம். நண்பரின் காரில் போய் நான்கே நாளில் திரும்பிவிட வேண்டும். கூடத் தங்கியிருக்கும் ஒருவர், "எல்லை தாண்டினால் சென்னைக்குப் போய் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவது) முடித்துத்தான் உள்ளே வர முடியும்" என்கிறார். இன்னொருவர், "முப்பது நாளுக்குள் வந்துவிட்டால் ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

இரண்டாமவர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், விட்டுப்போன பாதியில்தான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, அமெரிக்காவுக்குள் எப்படித் திரும்புவது என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். கனடாவுக்குள் எப்படிப் போவது என்று கேட்கவே இல்லை. என் அனுபவத்தில் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனவர்களில் பெரும்பாலானவர்களைத் தடுத்தது அந்த இரண்டாவது வாசல்தான். அதற்கும் வருகிறேன்.

நான் வழக்கறிஞன் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பதினான்கு வருஷம் டிஎஸ்ஓவாக, அதாவது வெளிநாட்டு மாணவர்களின் குடியேற்றத் தாள்களைக் கவனிக்கும் அதிகாரியாக, வேலை பார்த்தவன். வெளிநாடு போய்வர ஐ-20இல் ட்ராவல் சிக்னேச்சர் என்ற கையெழுத்துப் போட்டுத் தருவதும், எல்லையில் நின்றுகொண்டு மாணவர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவதும் என் வேலை. அதனால் விதியில் எழுதியிருப்பதையும் எல்லையில் நடப்பதையும் தனித்தனியாகச் சொல்ல முயல்கிறேன். முதலாவதை உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்.

முதலில் விசா வேறு, ஸ்டேட்டஸ் (உள்ளே சட்டப்படி இருக்கும் தகுதி) வேறு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்க வாசலில் போய் நின்று "உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான தாள். உள்ளே வந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்வது ஐ-94 என்ற நுழைவுப் பதிவு. மாணவர்களின் ஐ-94இல் பெரும்பாலும் தேதி இருக்காது, டி/எஸ் என்று இரண்டு எழுத்து இருக்கும். படிப்பை ஒழுங்காகத் தொடரும்வரை இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். இந்தியர்களுக்கு எஃப்-1 விசா பொதுவாக ஐந்து வருஷத்துக்குத் தருகிறார்கள். முனைவர் பட்டமோ ஐந்து, ஆறு வருஷம் இழுக்கும். ஆகவே படிப்பு முடிவதற்குள் விசா முடிந்துபோவது உங்கள் தவறு இல்லை, சட்ட மீறலும் இல்லை. அமெரிக்காவைவிட்டு வெளியே போகாதவரை அந்த முடிந்த தேதியால் உங்களுக்கு ஒரு பாதிப்பும் கிடையாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த டி/எஸ் முறையை எடுத்துவிட்டு, அதிகபட்சம் நான்கு வருஷம் என்று தேதி போட்டே அனுமதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு முன்வரைவு வெளியிட்டது. ஆகவே உங்கள் ஐ-94இல் டி/எஸ் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். தேதி இருந்தால் திரும்பி வரும் நாள் அதற்குள் இருக்க வேண்டும்.

சரி, விதிக்கு வருவோம். அதன் பெயர் ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன். வெளியுறவுத் துறை விதிகளில் 22 சி.எஃப்.ஆர். 41.112(டி) என்ற இடத்தில் இருக்கிறது. எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். விதி சொல்வது இதுதான்: கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய், 30 நாளுக்கு மிகாமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவரின் காலாவதியான விசா, அவர் திரும்பி எல்லையில் வந்து நிற்கும் அந்த நாள்வரை நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும். இதற்கு விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டில் புதிதாக எதையும் ஒட்டவும் மாட்டார்கள். ஒட்டாததால்தான் உங்கள் அறை நண்பரைப் போலப் பலர் இப்படி ஒரு விதி இருப்பதையே நம்புவதில்லை.

இதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியவை: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், காலாவதியான அந்த எஃப்-1 விசா, ஐ-94, டிஎஸ்ஓ கையெழுத்துப் போட்ட ஐ-20. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் விசா பழையதில்தான் இருக்கும், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் போதாது. ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ட்ராவல் சிக்னேச்சர் படிக்கும் மாணவருக்கு ஒரு வருஷம் செல்லும், படிப்பை ஒட்டிய வேலை அனுமதியான ஓபிடியில் இருப்பவருக்கு ஆறு மாதம்தான். திரும்பி வரும் நாளில் அது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளம்பும் நாளில் செல்லுபடியாக இருந்தது என்று சொல்லிப் பயனில்லை.

ஐ-94ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு விமானத்தில் வந்தவர்களுக்கு அது ஒரு வெள்ளை அட்டை, பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். 2013 முதல் அது மின்பதிவாகிவிட்டது. எல்லைக் காவல் துறையான சிபிபியின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் அதை அச்செடுத்து ஐ-20க்குள் வையுங்கள். ஊரைவிட்டுப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எல்லைப் பாலத்தின் நடுவில் சிக்னல் இல்லாத கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பார்த்துத் தவித்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

இனி, விதி யாருக்குப் பொருந்தாது என்று பார்ப்போம். பயங்கரவாதத்துக்கு உடந்தை என்று அமெரிக்கா பட்டியலிட்டிருக்கும் நாடுகளின் குடிமக்களுக்கு, உதாரணமாக ஈரான், கியூபா, வட கொரியா, இது கிடையாது. இந்திய, இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. கனடாவிலிருந்து வேறொரு நாட்டுக்குப் போய்விட்டால் இந்த விதி அங்கேயே முடிந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு டொரண்டோவிலிருந்து அப்படியே ஒரு வாரம் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். மொத்தப் பயணமும் 30 நாளுக்குள்ளேயே முடிந்தாலும் சரி, சென்னையில் கால் வைத்தால் புது விசா வாங்கித்தான் வர வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. "எப்படியும் கனடா போகிறோம், அங்கேயே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங்கையும் முடித்துவிடலாமே" என்று தோன்றும். செலவு மிச்சம் என்று தோன்றும். அங்கே விசாவுக்கு விண்ணப்பித்த அந்த நொடியில் இந்த விதியின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகிறது. விசா கிடைத்தால் சரி. மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ பழைய விசாவைக் காட்டித் திரும்ப முடியாது. முன்பு அப்படித் திரும்ப முடிந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு விதியைத் திருத்தினார்கள், 2002 ஏப்ரல் 1 முதல் இந்தத் தடை அமலில் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். வேதியியலில் நான்காம் வருஷம், திருநெல்வேலிப் பக்கம். வெள்ளிக்கிழமை கனடாவில் ஒரு நகரத்தில் நேர்காணல், திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நேர்காணலில் எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்து, கூடுதல் சரிபார்ப்பு இருக்கிறது, மின்னஞ்சல் வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் வரவில்லை. இரண்டு நாளைக்கான துணிதான் எடுத்துப் போயிருந்தார். வாடகைக்கு ஓர் அறை பிடித்து, குளிருக்குக் கடையில் கோட்டு வாங்கி, அவர் நடத்த வேண்டிய ஆய்வக வகுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்து, தினமும் காலையில் எனக்கு போன் செய்வார். "சார், இப்ப அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிட்டா பழைய விசாவில வரலாமா?" என்று கேட்டார். முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாபஸ் வாங்கினாலும் விண்ணப்பித்தது விண்ணப்பித்ததுதான். அந்தப் பதிலைச் சொன்ன காலை இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். இப்போது இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது. சொந்த நாட்டிலோ, சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வெளியுறவுத் துறை அறிவித்தது. ஆகவே கல்யாணத்துக்குப் போகிறீர்களா, கல்யாணத்துக்கு மட்டும் போங்கள்.

ரத்தான விசாவுக்கும் காலாவதியான விசாவுக்கும் வித்தியாசம் உண்டு. தேதி தானாக முடிந்தால் காலாவதி, அரசு பாதியில் எடுத்துவிட்டால் ரத்து. ரத்தான விசாவுக்கு இந்த விதி உதவாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒரு கைது, வீட்டுச் சண்டையில் போலீஸ் வந்து பதிவான ஒரு வழக்கு, இவை போதும். வழக்கு பிறகு தள்ளுபடியானாலும் விசா ரத்தாகியிருக்கலாம். ரத்துச் செய்தி பெரும்பாலும் விசா விண்ணப்பத்தில் கொடுத்த பழைய மின்னஞ்சலுக்குத்தான் போகும், அதைப் பலர் திறப்பதே இல்லை. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் தரவுத்தளம்) பதிவுகளைத் திடீரென்று முடித்துவைத்தார்கள், வழக்குகள் போட்ட பிறகு ஏப்ரல் இறுதியில் மீட்டார்கள். அதில் உங்கள் பெயர் அகப்பட்டிருந்தாலோ, எந்தக் காலத்திலும் போலீஸ் கைரேகை எடுத்திருந்தாலோ, இந்தப் பதிலை நம்பிப் போகாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அங்கே என் அறிவு போதாது.

இனி கனடாவின் வாசல். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியர் கனடாவுக்குள் விசா இல்லாமல் போகலாம். அமெரிக்க மாணவர் விசாவில் இருக்கும் இந்தியருக்கு அந்தச் சலுகை கிடையாது, அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தாலும் கிடையாது. கனடாவின் வருகையாளர் விசா தனியாக வாங்க வேண்டும். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் என்றால் விமானத்தில் போக இடிஏ என்ற மின் அனுமதி போதும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் விசாவேதான். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு இன்னொரு 85. கைரேகையை அமெரிக்காவிலேயே குடியேற்றத் துறையின் விண்ணப்ப உதவி மையத்தில் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தால் பத்து வருஷம் செல்லும். ஒப்புதல் வந்த பிறகு பாஸ்போர்ட்டை விசா சேவை நிறுவனமான விஎஃப்எஸ்ஸுக்கு அனுப்பி விசா ஒட்டி வாங்க வேண்டும்.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், கனடாக் குடியேற்றத் துறையின் பக்கத்தில் அன்றன்றைய காத்திருப்புக் காலம் இருக்கும், அதைப் பாருங்கள். அதற்கு மேல் மூன்று வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது நான் மாணவர்களுக்குச் சொன்ன கணக்கு. விண்ணப்பத்தில் அமெரிக்க விசா காலாவதியானது தெரியத்தான் செய்யும். மறைக்க வேண்டாம். ஐ-94, ஐ-20, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், உதவித்தொகைக் கடிதம் இவற்றோடு, "எனக்கு இங்கே சட்டப்படியான ஸ்டேட்டஸ் இருக்கிறது, ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் விதிப்படி திரும்புவேன்" என்று நான்கு வரிக் கடிதம் ஒன்றையும் இணையுங்கள். கனடா அதிகாரிக்கு வேண்டியது, நீங்கள் திரும்பிப் போவீர்கள், உங்களைத் திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற நம்பிக்கை. கல்யாணப் பத்திரிகை, அத்தையின் அழைப்புக் கடிதம், அத்தையின் கனடாக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடச் சான்றின் நகல் மூன்றையும் வையுங்கள். பத்திரிகை தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

கனடா விசா வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பஃபலோவிலிருந்து டொரண்டோ ஏறக்குறைய 160 கிலோமீட்டர், எல்லையில் நிற்கும் நேரத்தை விட்டால் இரண்டு மணிநேரம். பஃபலோவிலிருந்து ஃபோர்ட் ஈரிக்குப் போகும் பீஸ் பிரிட்ஜ், நயாகரா அருவிக்குப் பக்கத்தில் ரெயின்போ பிரிட்ஜ், வடக்கே லூயிஸ்டன் பாலம், இவற்றில் எது வேண்டுமானாலும் சரி. வர்ல்பூல் பாலத்துக்கு மட்டும் போகாதீர்கள், அது முன்சோதனை முடித்தவர்களுக்குத் தரும் நெக்ஸஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நான் பீஸ் பிரிட்ஜைத்தான் சொல்வேன். ரெயின்போவில் சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் அதிகம்.

திரும்பும்போது சாவடியில் என்ன நடக்கும் என்று ஒரு மாணவர் எனக்கு அப்படியே ஒப்பித்தார், அதைத் தருகிறேன். அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கி, விசாப் பக்கத்தைப் பார்த்து, "உன் விசா முடிந்துவிட்டதே" என்றாராம். மாணவர், "ஆமாம் சார். டொரண்டோவில் நான்கு நாள் இருந்தேன். ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷனில் திரும்புகிறேன். இது ஐ-94, இது ஐ-20" என்று தாள்களை நீட்டியிருக்கிறார். "கனடாவில் விசாவுக்கு விண்ணப்பித்தாயா?" "இல்லை." "வேறு நாட்டுக்குப் போனாயா?" "இல்லை." அதிகாரி ஐ-20இன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தின் தேதியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். மொத்தம் இரண்டு நிமிஷம். கவனியுங்கள், விசா முடிந்துவிட்டதே என்று அவர் சொன்னது குற்றச்சாட்டு இல்லை, விசாரணையின் முதல் வரி. அதைக் கேட்டுப் பதறி, "இல்லை சார், வந்து..." என்று இழுத்தால்தான் சந்தேகம் வரும். கேட்டதற்கு மட்டும், உண்மையை மட்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் இரண்டு நிமிஷத்தில் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே அழைத்து உட்காரவைத்து இரண்டு, மூன்று மணிநேரம் கழித்து விட்டதும் உண்டு. காரில் வருகிற நண்பருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மறுநாள் காலை பரீட்சை இருப்பவரோடு வராதீர்கள். கைபேசியைக் கேட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. உள்ளே விடுவதா வேண்டாமா என்ற கடைசி முடிவு அந்த அதிகாரியுடையது. விதி உங்கள் பக்கம் இருக்கிறது என்பது உறுதி, எந்தப் பிரச்சினையும் வராது என்று நான் உறுதி தர முடியாது. என் பதினான்கு வருஷத்தில், தாள்கள் எல்லாம் சரியாக இருந்து, படிப்பில் ஒழுங்காக இருந்த ஒரு மாணவரைக்கூடத் தரைவழி எல்லையில் திருப்பி அனுப்பியதை நான் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்தது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களை மட்டுமே. ஐ-20ஐ மறந்துவிட்டுப் போன ஒருவரை ஐ-515ஏ என்ற படிவம் கொடுத்து 30 நாளுக்கு மட்டும் அனுமதித்தார்கள், அதற்குள் ஐ-20ஐ அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். அதுவும் அதிகாரி மனம் வைத்தால்தான். அதை நம்பி ஐ-20ஐ வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

கல்யாணப் பயணம் என்பதால் இன்னும் சில. மொய், பரிசு, செலவு எல்லாம் சேர்த்துப் பணம் கனடாவில் 10,000 கனடிய டாலரை எட்டினாலும், அமெரிக்காவில் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டினாலும் அறிவிக்க வேண்டும். பரிசாக நகை கொண்டுபோனால் ரசீதோடு சொல்லிவிடுங்கள். கனடாவில் 60 டாலருக்கு மேற்பட்ட பரிசுக்கு வரி கேட்கலாம். கேட்டால் கட்டிவிட்டுப் போவதே நல்லது. வரும்போது அத்தை கட்டிக்கொடுக்கும் முறுக்கும் அதிரசமும் பிரச்சினையில்லை. கறி வறுவலையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் அறிவிக்காமல் கொண்டுவராதீர்கள். கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. அமெரிக்க மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம். பையில் ஒரு மிட்டாய் வடிவில் இருந்தாலும், பயன்படுத்தினேன் என்று வாயால் சொன்னாலும், மாணவருக்கு அது நிரந்தரச் சிக்கல். கல்யாண வீட்டில் யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரில் போவதாகச் சொன்னீர்கள், நல்லது. விமானத்தில் போவதையும் விதி தடுக்கவில்லை. ஆனால் விமானத்தில் வரும்போது முதல் சோதனை செய்பவர் விமான நிறுவனத்தின் கவுன்டரில் நிற்கும் ஊழியர். அவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். ஒரு மாணவர் விடிகாலை ஐந்து மணிக்கு டொரண்டோ கவுன்டரிலிருந்து அழைத்தார். விசா முடிந்திருப்பதால் போர்டிங் பாஸ் தர மாட்டேன் என்கிறார்கள் என்றார். சிபிபி பக்கத்தின் அச்சுப்பிரதியும் அந்த 41.112(டி) எண்ணும் அவரிடம் இருந்தன. மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, அவர் கணினியில் தேடிப் பார்த்து, விமானம் கிளம்ப நாற்பது நிமிஷம் இருக்கும்போது பாஸ் கொடுத்தார்கள். டொரண்டோ, வான்கூவர் போன்ற விமான நிலையங்களில் அமெரிக்கச் சோதனை அங்கேயே நடந்துவிடும். அங்கே ஏதாவது சிக்கல் என்றால் நீங்கள் இன்னும் கனடாவில்தான் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால் கனடா விசாவிலும் கொஞ்சம் நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

உங்களைப் போன்ற நிலையில் இல்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓபிடியில் இருப்பவர் வேலை அனுமதி அட்டையும் வேலைக் கடிதமும் கூடக் கொண்டுபோக வேண்டும். படிப்பு முடிந்து அந்த 60 நாள் அவகாசத்தில், ஓபிடிக்கு விண்ணப்பிக்காமல் இருப்பவர் வெளியே போனால் அந்த எஃப்-1 அதோடு முடிந்தது. வேலை விசாவான எச்-1பிக்கு ஸ்டேட்டஸ் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போனால் அந்த மாற்ற விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், நயாகராவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் அப்படித்தான். எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4இல் வந்து இங்கேயே எஃப்-1க்கு மாறியவரின் பழைய எச்-4 விசா, இந்த விதியின் கீழ் எஃப்-1 விசாவாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒப்புதல் தாளான ஐ-797 கையில் இருக்க வேண்டும். எஃப்-2 மனைவிக்கோ கணவருக்கோ தனி ஐ-20, அதில் தனிக் கையெழுத்து.

மெக்சிகோ பற்றி ஒரு வார்த்தை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியருக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. அதை நம்பி, காலாவதியான விசாவோடு கான்கூனுக்கு டிக்கெட் போட்டவர்கள் உண்டு. அமெரிக்க விசா முடிந்துவிட்டால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும், மெக்சிகோ விசா வாங்க வேண்டும். எஃப் விசா, ஜே என்ற பரிமாற்றத் திட்ட விசா மாணவர்களுக்கு மட்டும் இந்த விதி பஹாமாஸ், ஜமைக்கா, பெர்முடா, டொமினிக்கன் குடியரசு போன்ற அண்டைத் தீவுகளுக்கும் பொருந்தும். கியூபாவுக்குக் கிடையாது. கோஸ்டா ரிகா, பனாமா இதில் வராது.

திரும்பி வந்ததும் தூங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. ஐ-94 பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். சில சமயம் அதிகாரி புதுப் பதிவு போடுவார், அதில் எஃப்-1க்குப் பதில் சுற்றுலா வகையான பி-2 என்று ஆறு மாதத் தேதியோடு விழுந்துவிடுவது உண்டு. கவனிக்காமல் விட்டால் மாணவர் ஸ்டேட்டஸே போய்விட்டதாகப் பதிவில் நிற்கும். அப்படி இருந்தால் பக்கத்தில் இருக்கும் சிபிபியின் டிஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்துக்கு பாஸ்போர்ட், ஐ-20, பழைய ஐ-94 அச்சுப்பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், திருத்தித் தருவார்கள். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாளே எடுத்துவைத்த அந்தப் பழைய பிரதி இங்கேதான் மறுபடியும் பயன்படும். எஃப்-1 என்றும் டி/எஸ் என்றும் சரியாக இருந்தால் அதை அச்செடுத்து, ஒரு நகலை உங்கள் டிஎஸ்ஓவுக்கு அனுப்பிவிடுங்கள்.